குட்டி ஆர்க்கிட்டுக்கு என்ன ஆச்சு? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழிமுறை

முழுதாக வளர்ந்த பிறகும் சுமார் 15 செ.மீ. உயரத்தைத் தாண்டாத ஆர்க்கிட்டுகளைக் குட்டி ஆர்க்கிட் என்கிறோம். லெப்பாந்தஸ், பிளாட்டிஸ்டெலி மாதிரிச் சில இனங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வீட்டுக்குள் வளர்க்க இவ்வளவு தோதான செடி வேறு இல்லை என்பது என் எண்ணம். ஒரு ஜன்னல் ஓரமோ, ஒரு விளக்கும் கண்ணாடிப் பெட்டியுமோ இருந்தால் போதும். ஆனால் பெரிய ஆர்க்கிட்டுக்குச் சொல்லும் வைத்தியத்தை அப்படியே இதற்குச் செய்தால் செடி தாங்காது. 5 செ.மீ. தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக அடைத்த ஸ்பேக்னம் பாசி காற்றோட்டமான இடத்தில் ஒரே நாளில் காய்ந்துவிடும். மூடிய பெட்டிக்குள் வாரக்கணக்கில் ஊறிக் கிடக்கும். வேரே நாலைந்துதான் இருக்கும். அதில் இரண்டு அழுகினால் செடியின் பாதி பலம் போய்விடும்.

வேர் கெட்ட செய்தி இலைக்குத் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் இன்று இலை துவண்டால் நேற்று என்ன செய்தோம் என்று தேடுவதில் பயனில்லை. போன மாதம் என்ன மாறியது என்று யோசியுங்கள். தொட்டி மாற்றியது, இடம் மாற்றியது, ஏ.சி. ஓட ஆரம்பித்தது, விளக்கைக் கிட்டே இறக்கியது, தண்ணீர் வரும் இடம் மாறியது என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் கிடைக்கும்.

பரிசோதனைக்கு 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு டார்ச், ஈரப்பதமானி, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஆகியவை கையில் இருந்தால் வேலை சுலபம். செடியின் பெயர் தெரிந்திருப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். குளிர் விரும்பியா, வெப்பம் தாங்குவதா என்று தெரியாமல் எந்த அறிகுறிக்கும் பதில் சொல்ல முடியாது.

இலை துவண்டு, சுருங்கிக் கிடக்கிறது

அதிகம் பேர் திணறுவது இங்கேதான். தண்ணீர் போதாவிட்டாலும் இலை துவளும், தண்ணீர் கூடி வேர் அழுகினாலும் அதே மாதிரிதான் துவளும். இரண்டிலும் செடிக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. முதல் வகைக்குத் தண்ணீர் ஊற்றினால் பிழைக்கும், இரண்டாவதற்கு ஊற்றினால் கதை முடியும். ஆகவே துவண்ட இலையைப் பார்த்ததும் தண்ணீர்க் குவளையை எடுக்காதீர்கள். தொட்டியை எடுங்கள்.

ஒளி ஊடுருவும் தொட்டி என்றால் வெளியிலிருந்தே வேர் தெரியும். இல்லாவிட்டால் ஓரத்துப் பாசியை மெல்ல விலக்கி இரண்டு மூன்று வேர்களைப் பாருங்கள். மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி வெலமென் என்ற உயிரற்ற செல்களாலான உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிரம்பி வெள்ளிச் சாம்பல் நிறமாகத் தெரியும். நனைந்ததும் தண்ணீரை இழுத்துக்கொண்டு தெளிந்துவிடும். உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். ஒரு வேரின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சில நொடிகளில் பச்சையாக மாறினால் அந்த வேரை நம்பலாம். பாசிக்குள் வெளிச்சமே படாமல் வளர்ந்த வேர் வெளிர் மஞ்சளாக இருக்கும். அது நோய் அல்ல. நியோஃபினீஷியாவில் சில வகைகளுக்கு வேர்நுனி மாணிக்கச் சிவப்பாக வரும். அதுவும் இயல்புதான்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், விரலால் தொட்டுப் பாருங்கள். நல்ல வேர் அழுத்தினால் கெட்டியாக எதிர்த்து நிற்கும். அழுகிய வேரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து இழுத்தால் மேலுறை வழுக்கிக்கொண்டு கழன்று வரும். உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். லெப்பாந்தஸ், மாஸ்டிவாலியா வேர்கள் தையல் நூல் கனம்தான் என்பதால் இவற்றில் இந்தச் சோதனையை லென்ஸ் வைத்துக்கொண்டு பொறுமையாகச் செய்ய வேண்டும்.

இனி என்ன செய்வது என்பது கண்டதைப் பொறுத்தது.

வேர் கெட்டியாக, சாம்பல் நிறமாக, பாசி பொரபொரவென்று காய்ந்து கிடந்தால் வெறும் தாகம். நன்றாகக் காய்ந்த பாசி மேலிருந்து ஊற்றும் தண்ணீரை வாங்காது. ஓரத்தில் வழிந்து போய்விடும். அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீரில் தொட்டியின் முக்கால் பாகம் மூழ்கும்படி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். எடுத்து நன்றாக வடியவிடுங்கள். தடித்த இலை உள்ள ஃபலனாப்சிஸ் வகைகள் நிமிர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் திரும்பத் திரும்ப முக்காதீர்கள். போலிக்குமிழ் (தண்ணீரைச் சேமிக்கும் தடித்த தண்டு) இல்லாத மாஸ்டிவாலியா, லெப்பாந்தஸ் போன்றவற்றுக்குச் சேமிப்பு குறைவு. இவற்றை ஒருபோதும் முழுதாகக் காயவிடக் கூடாது.

வேர் பழுப்பாக, கொழகொழவென்று இருந்தால் அழுகல். செடியை வெளியே எடுத்துப் பழைய பாசி முழுவதையும் களையுங்கள். செத்த வேரைத் தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் வெட்டுங்கள். நடுநரம்பு மட்டும் மிஞ்சிய வேர் செடியை நிறுத்திப் பிடிக்க உதவும், அதை விட்டுவைக்கலாம். பிறகு முன்பைவிடச் சின்னத் தொட்டியில், நனைத்துக் கையால் இறுகப் பிழிந்த புது ஸ்பேக்னம் பாசியைத் தளர்வாக வைத்து நடுங்கள். அழுத்தித் திணித்தால் உள்ளே காற்று போகாது, மறுபடி அழுகும். செடி ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் புது வேரின் நுனி உரசிக் கெடும். மேலே ஒளி ஊடுருவும் டப்பாவைக் கவிழ்த்து, நேர் வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். புது வேர் வரும்வரை உரம் வேண்டாம். தினம் ஒருமுறை மூடியைத் திறந்து சில நிமிடம் காற்றாட விடுங்கள். புது வேர் 2 செ.மீ. வந்ததும் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிக நேரம் திறந்து வைத்துப் பழக்குங்கள்.

வேரும் நன்றாக இருக்கிறது, பாசியும் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் இலை துவள்கிறது என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று காற்றின் ஈரப்பதம். குட்டி இனங்களில் பெரும்பாலானவை 60 முதல் 80 சதவீத ஈரப்பதத்தில் சுகமாக இருக்கும். 40-க்குக் கீழே போனால் வேர் குடிப்பதைவிட வேகமாக இலை இழக்கும். இன்னொன்று தண்டின் அடி. வேருக்கும் இலைக்கும் நடுவில் தண்டு கறுத்து அழுகியிருந்தால் வேர் நன்றாக இருந்தும் பயனில்லை. அப்படியானால், பின்னால் வரும் ‘கறுத்த, நீர்கோத்த புள்ளி’ பகுதியில் சொல்லியிருப்பதைச் செய்யுங்கள்.

கட்டையில் கட்டி வளர்க்கும் செடிக்குக் கணக்கு வேறு. தக்கைமரப் பட்டையில் ஈரம் தங்காது. பெட்டிக்கு வெளியே தொங்கினால் தினமும் நனைக்க வேண்டும், வறண்ட நாளில் இரண்டு தடவை. மேலாக ஒரு தெளிப்புத் தெளித்துவிட்டுப் போவது போதாது. வேர் முழுக்கப் பச்சையாகும்வரை நனைக்க வேண்டும். அவ்வளவு நேரம் இல்லை என்றால் வேருக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய பாசிப் படுகை ஒன்றை வைத்துக் கட்டிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. ஃபலனாப்சிஸ் லோபியை, ஃபலனாப்சிஸ் பாரிஷியை ஆகிய குட்டி இனங்கள் அவற்றின் காட்டில் வறண்ட பருவத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தட்டையான பச்சை வேர்களாலேயே ஒளிச்சேர்க்கை செய்து காலம் தள்ளும். வீட்டிலும் குளிர்கால வறட்சியில் அப்படி நடக்கலாம். இலை எல்லாம் உதிர்ந்தும் வேர் கெட்டியாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இலைநுனி மட்டும் பழுப்பாகிக் கருகுகிறது

நுனியிலிருந்து தொடங்கி, காய்ந்து, நல்ல இலைக்கும் கருகலுக்கும் நடுவே எல்லைக்கோடு தெளிவாக இருந்தால் உப்புதான் முதல் சந்தேகம். மாஸ்டிவாலியா, ரெஸ்ட்ரெப்பியா, டிராக்குலா எல்லாம் உப்புக்கு மிகவும் கூசும். பாசியின் மேல்பரப்பிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் அளந்து பாருங்கள். 100 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் இவற்றுக்கு நல்லது. 300, 400 காட்டும் தண்ணீரில் இவை நாளடைவில் நலியும். ஃபலனாப்சிஸ் கொஞ்சம் தாங்கும்.

மழைநீர் சிறந்தது, ஆர்.ஓ. தண்ணீர் அடுத்தது. ஆனால் ஆர்.ஓ. தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கிட்டத்தட்டக் கிடையாது. ஆகவே அவை சேர்ந்த ஆர்க்கிட் உரத்தை, டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு மட்டும் கரைத்து, வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை கொடுக்கலாம். மாதம் ஒருமுறை உரம் கலக்காத தண்ணீரைத் தொட்டி வழியாகத் தாராளமாக ஓடவிட்டுத் தேங்கிய உப்பைக் கழுவுங்கள். காய்ந்த வேருக்கு உரத் தண்ணீரை நேராக ஊற்றாமல், முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு ஊற்றுவது நல்ல பழக்கம். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. அடுத்து வரும் இலையின் நுனி சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் உங்கள் அளவுகோல்.

கறுத்த, நீர்கோத்த புள்ளி

இதற்கு மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. பாக்டீரியா அழுகல் என்றால் புள்ளி தண்ணீர் கோத்து, ஒளியில் பிடித்தால் கண்ணாடி போலத் தெரியும். தொட்டால் கூழாகும், பெரும்பாலும் துர்நாற்றமும் வரும். ஒரே நாளில் கண்ணெதிரே பரவும். சின்ன இலையில் அது தண்டைத் தொட அதிக நேரம் எடுக்காது. புள்ளியை மட்டும் வெட்டி இலையைக் காப்பாற்றும் ஆசை வேண்டாம், முழு இலையையும் அடியோடு எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கத்தியைத் தீயில் காட்டுங்கள். வெட்டிய இடத்தில் லவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வைக்கலாம், ஈரத்தை உறிஞ்சி ஆற்றும். அது வேரில் மட்டும் விழக் கூடாது. வேரையும் உலர்த்திக் கெடுத்துவிடும். அந்தச் செடியைத் தனியாக, காற்றோட்டமாக வைத்து, சில நாள் இலை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுத் தளிரிலிருந்தோ வேர்க்கழுத்திலிருந்தோ கறுப்பாகத் தொடங்கி மேலேறினால் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களால் வரும் கறுப்பழுகலாக இருக்கலாம். கறுத்த பகுதிக்கு அப்பால் நல்ல தசை தெரியும்வரை வெட்டுவதுதான் இதற்கும் வழி.

நடுக்குருத்து அழுகல் ஒற்றைத் தண்டாக வளரும் ஃபலனாப்சிஸ், ஹரெல்லா, நியோஃபினீஷியா வகைகளின் பெரிய எதிரி. இலைகள் கூடும் குழியில் தண்ணீர் தேங்கி இரவு முழுக்க நின்றால் வந்துவிடும். குருத்து இலையை மெல்லத் தொட்டால் கையோடு வந்துவிடும், அடி பழுப்பாக இருக்கும். அப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றச் சொல்பவர்கள் நிறைய. அழுகிய குருத்தில் ஒருமுறை இரண்டு சொட்டு விட்டு உடனே பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுப்பதில் தவறில்லை. ஆனால் அதைத் தொட்டி முழுக்க ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன், உயிருள்ள வேர்த்திசுவையும் அது அரிக்கும். குருத்து போனாலும் அடித்தண்டு கெட்டியாக இருந்தால் பக்கத்திலிருந்து குட்டிச்செடி வர வாய்ப்பு உண்டு. இதைத் தடுக்கக் காலையில் தண்ணீர் ஊற்றுங்கள், குழியில் நின்றதை உடனே ஒற்றி எடுங்கள். கட்டையில் கட்டும்போது குருத்து பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ இருக்கும்படி கட்டுங்கள். மரத்தில் அவை அப்படித்தான் தொங்குகின்றன.

எல்லாப் புள்ளியும் அழுகல் இல்லை. விளக்கைப் பார்த்த பக்கத்தில் மட்டும் வெளுத்து, பிறகு காய்ந்து, பரவாமல் அப்படியே நிற்பது வெயில் சூடு. இலையின் மேல்பக்கத்தில் குழிகுழியாக அமுங்கி, மஞ்சளாகிப் பிறகு பழுப்பாவது குளிர் தாக்கியதால் இருக்கலாம். சில்லென்ற தண்ணீரோ குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியோ பட்டுப் பல நாள் கழித்தும் இது வெளிப்படும். இரண்டுக்கும் மருந்து தேவையில்லை, அந்த இலையை வெட்டவும் வேண்டாம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் அடிக்கடி அழுகல் வருகிறது

மூடிய கண்ணாடிக்குள் செடி பிழைக்கும் என்று 1829 வாக்கில் கண்டுகொண்டவர் லண்டன் மருத்துவர் நத்தேனியல் வார்ட். மூடிய சீசாவுக்குள் ஈரமண்ணில் ஒரு பெரணி தானாக முளைத்திருந்ததைப் பார்த்தார். பெரணிக்கு அது சொர்க்கம்தான். மரக்கிளையில் காற்றோடு வாழும் ஆர்க்கிட்டுக்குக் காற்று ஓடாத ஈரம் ஆபத்து. கண்ணாடியில் எப்போதும் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தால், நனைத்த இலை சில மணி நேரம் ஆகியும் காயாமல் இருந்தால், உள்ளே காற்று ஓடவில்லை என்று அர்த்தம். கணினியில் இருக்கும் சின்ன விசிறி ஒன்றை உள்ளே பொருத்துங்கள். அது செடியின் மேல் நேராக வீச வேண்டாம். கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பும்படி வைத்தால் போதும். மேல்மூடியில் விரலளவு இடைவெளி விடுங்கள். என் அனுபவத்தில் குட்டி ஆர்க்கிட்டுக்கு வாங்கும் எந்த மருந்தைவிடவும் இந்த விசிறிதான் அதிகம் காப்பாற்றும்.

இலை கரும்பச்சை, அல்லது சிவப்பு, அல்லது வெளிர் மஞ்சள்

கரும்பச்சையாக, நீண்டு, தளர்ந்து வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை. இளஞ்சிவப்புச் சாயல் ஓடினால் தாங்கும் எல்லைக்கு அருகில் இருக்கிறது. பூக்க அதுவே உகந்த அளவாகவும் இருக்கலாம், கெடுதல் இல்லை. மொத்தமாக மஞ்சளடித்து வெளுத்தால் அதிகம். அடியில் இருக்கும் ஒரே ஒரு வயதான இலை மட்டும் பழுத்தால் அது இயல்பாக உதிர்வது, விட்டுவிடுங்கள்.

கண் நம்மை ஏமாற்றும், ஆகவே அளந்துவிடுவது நல்லது. கைபேசியில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி தோராயமாகச் சொல்லிவிடும். மாஸ்டிவாலியா, குட்டி ஃபலனாப்சிஸ் வகைகளுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் சரியாக இருக்கும். நியோஃபினீஷியா, டோலும்னியா 20,000-க்கு மேல் கேட்கும். எல்இடி விளக்கு என்றால் ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம், தானாக அணையும் டைமரோடு. செடி இருக்கும் உயரத்தில் புறங்கையை விளக்குக்குக் கீழே சில நிமிடம் வைத்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் விளக்கை உயர்த்துங்கள்.

புது இலை விசிறி மடிப்பாக வருகிறது

ஆன்சிடியம் குடும்பத்துக் குட்டிகளில் அடிக்கடி பார்ப்பது. இலை வளர்ந்துகொண்டிருந்த சமயத்தில் தண்ணீரோ ஈரப்பதமோ விட்டுவிட்டுக் கிடைத்திருக்கிறது. அந்த மடிப்பு நிமிராது. அடுத்த தளிருக்குத் தண்ணீர் சீராகக் கிடைத்தால் அது நேராக வரும்.

மொட்டு விரியாமல் மஞ்சளாகி உதிர்கிறது

மொட்டு விட்ட குட்டிச்செடியை எடுத்து மேசையில் வைத்து அழகு பார்ப்பதுதான் இதற்குப் பொதுவான காரணம். 75 சதவீத ஈரப்பதத்தில் உருவான மொட்டு 40 சதவீத அறைக்கு வந்தால் ஓரிரு நாளில் சுருங்கிவிடும். பூ முழுதாக விரிந்து ஒரு வாரம் ஆன பிறகு இடம் மாற்றினால் தாங்கும்.

அடுத்தது எத்திலீன் வாயு. பழுக்கும் பழங்கள் இதை வெளியிடும், அரைகுறையாக எரியும் புகையிலும் உண்டு. பழக்கூடை இருக்கும் அறையில் மொட்டுச் செடி வேண்டாம். பட்டுப்போன பூவையும் பெட்டிக்குள் விட்டுவைக்காமல் எடுத்துவிடுங்கள், அதிலிருந்தும் எத்திலீன் வரும். இவை இரண்டும் இல்லை என்றால் ஒரு உதிர்ந்த மொட்டைப் பிரித்து லென்ஸில் பாருங்கள். மெல்லிய கோடு மாதிரி ஊர்வது தெரிந்தால் இலைப்பேன். மொட்டுக் காலத்தில் ஒரே ஒரு தடவை முழுதாகக் காயவிட்டாலும் போதும், செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான்.

செடி நன்றாக இருக்கிறது, பூக்கவே இல்லை

முதலில் வெளிச்சத்தை அளங்கள். பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். அடுத்து வெப்பநிலை. ஃபலனாப்சிஸ் வகைகளில் பல தொடர்ந்து 28 டிகிரிக்கு மேல் இருந்தால் பூந்தண்டு விடாமல் இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். சில வாரம் 18 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் தண்டு வரும். பொதுவாகவே பகலுக்கும் இரவுக்கும் 5 டிகிரியாவது வித்தியாசம் இருக்க வேண்டும். நாள் முழுக்க ஒரே வெப்பத்தில் இருக்கும் பெட்டியில் இலை மட்டும் செழிக்கும்.

அப்புறம் கத்தரி. பூ உதிர்ந்ததும் தண்டை வெட்டிவிடும் பழக்கம் குட்டி இனங்களில் பூவையே வெட்டுவதற்குச் சமம். ஃபலனாப்சிஸ் எக்வெஸ்ட்ரிஸ், ஹரெல்லா ஒரே தண்டில் அடுத்தடுத்து மொட்டு விடும். மாஸ்டிவாலியா டோவரென்சிஸ் பழைய தண்டிலேயே அடுத்த பருவத்திலும் பூக்கும். ரெஸ்ட்ரெப்பியா ஒரே இலையின் அடியிலிருந்து திரும்பத் திரும்பப் பூக்கும் என்பதால் பழைய இலையும் மதிப்புள்ளதுதான். தண்டு பச்சையாக இருக்கும்வரை கை வைக்காதீர்கள்.

வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, சாம்பல் புள்ளி

பூந்தண்டில் தெளிந்த, இனிப்பான சொட்டு மட்டும் நிற்கிறது, பூச்சி எதுவும் இல்லை என்றால் கவலை வேண்டாம். செடியே சுரக்கும் தேன் அது. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் லென்ஸோடு தேடிவிடுங்கள்.

வெள்ளைப் பஞ்சாக இருப்பது மாவுப்பூச்சி. இலையடி உறைக்குள்ளும் பூவின் பின்பக்கத்திலும் ஒளிந்திருக்கும், வேரிலும் இருக்கும். காய்ந்த உறையை மெல்ல உரித்துப் பார்க்காமல் இல்லை என்று சொல்ல முடியாது. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். முட்டை தப்பிவிடும், அதனால் வாரம் ஒருமுறையாக நான்கு வாரமாவது தொடர வேண்டும். ஒரே தடவையோடு நிறுத்துவதால்தான் மறுபடி மறுபடி வருகிறது. இலையில் ஒட்டிய பழுப்புச் செதில் நகத்தால் சுரண்டினால் வந்தால் செதில் பூச்சி, அதற்கும் இதே வைத்தியம்.

இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினதுபோல மினுங்கி, ஊசிக் குத்தலாகப் பள்ளம் தெரிந்தால் சிலந்திப்பேன். ஆர்க்கிட்டைத் தாக்கும் தட்டைச் சிலந்திப்பேன் வலை பின்னாது. வலை இல்லையே என்று பலர் ஏமாந்துபோவது இதனால்தான். வெள்ளைத் தாளால் இலையடியைத் துடைத்தால் செம்பழுப்புக் கறை படியும். வறண்ட காற்றில் பெருகும். தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவி, தோட்டப் பூச்சி சோப்புக் கரைசலைத் தெளியுங்கள். சாதாரணப் பூச்சிமருந்து பெரும்பாலும் இதைக் கொல்லாது, சிலந்திப்பேனுக்கென்று உள்ளதே வேண்டும்.

பாசியிலிருந்து கிளம்பும் சின்னக் கறுப்புக் கொசு, பாசி மட்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். மஞ்சள் ஒட்டட்டை பறப்பதைப் பிடிக்கும், பாசியை மாற்றினால்தான் புழு ஒழியும். வேர்நுனி மட்டும் கடித்துத் தின்னப்பட்டிருந்தால் நத்தை. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் மிளகளவு சின்ன ஓட்டோடு அகப்படும்.

புது இலை ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னதாக வருகிறது

சட்டென்று கண்ணில் படாத, ஆனால் கவனிக்க வேண்டிய அறிகுறி. முதலில் பாசியை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால், அல்லது பச்சைப்பாசி படிந்து வழுக்கினால், மாற்றும் காலம் வந்துவிட்டது. ஸ்பேக்னம் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரைதான் தாங்கும். புது வேர் முளைக்கத் தொடங்கும் நேரத்தில் மாற்றினால் செடி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அழுகல் என்றால் மட்டும் காலம் பார்க்காமல் மாற்ற வேண்டும்.

பாசி நன்றாக இருந்தால் அறையின் இரவு வெப்பத்தைப் பாருங்கள். மாஸ்டிவாலியா, டிராக்குலா இனங்களில் பெரும்பாலானவை மலைமேல் மேகக் காடுகளிலிருந்து வந்தவை. பகலில் 25 டிகிரிக்குக் கீழும் இரவில் 12 முதல் 15 டிகிரியும் அவற்றுக்கு வேண்டும். இரவு சூடாக இருந்தால் பகலில் செய்த சர்க்கரையை மூச்சிலேயே செலவழித்துவிடும், வளர மிச்சம் இருக்காது. தண்ணீர், உரம், வெளிச்சம் எதை மாற்றினாலும் இது சரியாகாது. இரவு 22 டிகிரிக்குக் கீழே இறங்காத வீட்டில் இவற்றை வைத்துப் போராடுவதைவிட குட்டி ஃபலனாப்சிஸ், ஹரெல்லா, டோலும்னியா வளர்ப்பதே செடிக்கும் நமக்கும் நல்லது. மாஸ்டிவாலியாதான் வேண்டும் என்றால் வெப்பம் ஓரளவு தாங்கும் மாஸ்டிவாலியா இன்ஃப்ராக்டா, மாஸ்டிவாலியா ஃப்ளோரிபண்டா இரண்டையும் முயன்று பார்க்கலாம்.

எரிசினா பூசில்லா என்ற விசிறி வடிவக் குட்டிக்கு ஆயுளே குறைவு. வேகமாக வளர்ந்து, ஓயாமல் பூத்து, சில ஆண்டுகளில் முடிந்துவிடும். அது நலிவதைப் பார்த்துப் பாசியையும் விளக்கையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

இலையில் வெளிர் கோடுகளும் கறுத்த திட்டுகளும் மாறி மாறி வந்து, பூவின் நிறமும் திட்டுத்திட்டாக உடைந்து, செடி ஒவ்வொரு பருவமும் குன்றிக்கொண்டே வந்தால் வைரஸை நினைக்க வேண்டும். ஆர்க்கிட்டில் அதிகம் காணப்படுபவை சிம்பிடியம் மொசைக் வைரஸும் ஓடொன்டோகிளாசம் ரிங்ஸ்பாட் வைரஸும். கண்ணால் உறுதி செய்ய முடியாது, சோதனைப் பட்டை கிடைத்தால் செய்துவிடுங்கள். மருந்து இல்லை. முக்கியமாக வெட்டும் கத்தியால்தான் பரவுகிறது, ஆல்கஹாலால் துடைப்பதை நம்ப முடியாது. தீயில் காட்டுவது நிச்சயம்.

இலையும் இல்லை, வேரும் இல்லை, தண்டு மட்டும் மிச்சம்

எறியும் முன் நகத்தால் தண்டை இலேசாகக் கீறிப் பாருங்கள். கிடைத்தண்டாகப் படரும் பல்போஃபில்லம், லெப்டோட்டஸ், டென்ட்ரோபியம் வகைகளில் ஒவ்வொரு கணுவிலும் உறங்கும் மொட்டு இருக்கும். உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஒளி ஊடுருவும் டப்பாவில் பிழிந்த பாசியை ஒரு விரல் உயரத்துக்குப் பரப்பி, அதன் மேல் தண்டைப் படுக்க வைத்து மூடி, 22 முதல் 26 டிகிரியில் மங்கலான வெளிச்சத்தில் வையுங்கள். குளிர் விரும்பி இனமாக இருந்தால் வீட்டிலேயே குளிர்ந்த இடம். பாசி காயாமல், தண்ணீரும் தேங்காமல் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, பூசணம் பிடித்த பாகத்தை மட்டும் நீக்குங்கள். தளிர் கிளம்பப் பல மாதம் ஆகலாம். கீறிய இடம் முழுக்கப் பழுப்பாக, பஞ்சாக இருந்தால் அந்தப் பாசியோடு சேர்த்து அப்புறப்படுத்திவிட்டு, தொட்டியைச் சோப்பில் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த செடிக்கு எடுங்கள்.